ஊசி அசையாத கை

"உப்பின் மேல் ஆசை உண்டா?" என்று நோயாளியிடம் கேட்கச் சொல்லியிருந்தது வைத்தியப் புத்தகம். ஜப்பான்காரன் காலத்தில், ரந்தாவ் ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கேள்வியை நான் யாரிடம் கேட்பது? சி ரூசா கடற்கரையில் கடல் தண்ணீரைத் தகரத்தில் காய்ச்சிப் பழுப்பாக எடுக்கும் உப்புதான் எங்களுக்கு உப்பு. அதில் இரண்டு கை வாங்குவதற்கு மரவள்ளிக் கிழங்கை முதுகில் கட்டிக்கொண்டு நடந்து போவார்கள். தோட்டத்தில் இருந்த ஒவ்வொரு நாக்கும் உப்புக்கு ஏங்கியது. புத்தகத்தின்படி பார்த்தால் தொழிலாளர் குடியிருந்த லயம் முழுவதும், என்னையும் சேர்த்து, ஒரே மருந்துக்கு உரியவர்கள். அந்த மருந்தும் உப்பிலிருந்து செய்ததுதான்.

அடுத்த கேள்வி இன்னும் மோசம். "கனவில் திருடர்கள் வருகிறார்களா?"

இதை எங்கள் வீட்டுக்கு எதிர் லயத்தில் இருந்த, பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும், அக்காவிடம் கேட்டேன். அவருடைய புருஷனைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்குப் பிறகும் அவருடைய வாய் அடங்கவில்லை. அந்த வாய்க்குக் கங்காணியே ஒதுங்கிப் போவார்.

"கனவுல என்னாத்துக்கு, சின்னக் கிராணி? நெசமாவே வந்து என் கோழியப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டான். அதுக்கு ஒங்க பொஸ்தகத்துல மருந்து இருக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு என்னை அரித்தது. அமைதியான காலத்தில், நன்றாகத் தின்று நன்றாகத் தூங்கும் மனிதர்களுக்காக எழுதிய கேள்விகள் அவை. எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் இல்லை, பயம் உண்டு, முடி கொட்டியது, கால் வீங்கியது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் எப்படி ஆளுக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பது?

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சிரம்பானில் ஆங்கிலப் பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். வெள்ளைக்காரத் துரையிடம் சின்னக் கிராணியாக, அதாவது இளைய குமாஸ்தாவாக, வேலைக்குச் சேர்ந்தேன். துரை ஓடிப்போன பிறகு ஜப்பான்காரன் வைத்த மேற்பார்வையாளனிடமும் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. பெரிய கிராணியார் குடும்பத்தோடு சிரம்பானுக்குப் போனபோது, கல்கத்தாவிலிருந்து தபாலில் வரவழைத்த தன் ஹோமியோபதிப் பெட்டியை என்னிடம் விட்டுப் போனார். சுண்டுவிரல் பருமனுள்ள கண்ணாடிச் சீசாக்கள். ஒவ்வொன்றுக்கும் தக்கை, தக்கையின் தலையில் மருந்தின் பெயர், உள்ளே கடுகு போல வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள். கூடவே தலையணை அளவுக்கு ஓர் ஆங்கிலப் புத்தகம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்த்த டிரெசரிடம் மருந்து தீர்ந்துகொண்டிருந்த நேரம் அது. அதனால் ஜனங்கள் என்னிடம் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களிடம்தான் நான் உப்பையும் திருடனையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

யோசனை எங்கிருந்து வந்தது என்றால், பள்ளிக்கூட நூலகத்தில் பார்த்த ஒரு பழைய ஆங்கில இதழிலிருந்து. அமெரிக்காவில் யாரோ ஒரு டாக்டர், நோயாளியின் உடம்பில் கம்பியை இணைத்து, மருந்தைப் பெட்டிக்குள் வைத்து, எது பொருந்துகிறது என்று கருவியைக் கொண்டே கண்டுபிடிக்கிறார் என்று போட்டிருந்தது. அது மெய்யா பொய்யா என்று நான் கேட்கவில்லை. படம் இருந்தது, படத்தில் மீட்டர் இருந்தது. அந்த வயதில் எனக்கு அது போதும்.

துரை பங்களாவின் பின்கட்டில், அவர் கார் பழுதுபார்க்க வைத்திருந்த சாமான்களுக்கு நடுவே ஒரு மீட்டர் கிடந்தது. எடுத்துத் துடைத்து, விரல் நுனியை நனைத்து இரண்டு முனையிலும் வைத்தேன். ஊசி துடித்தது! என் உடம்புக்குள் ஏதோ ஒன்று ஓடுகிறது, அதை இந்த ஊசி பார்த்துவிட்டது என்று நினைத்தபோது எனக்கு உச்சந்தலை சிலிர்த்தது. பழைய தண்ணீர்க் குழாயிலிருந்து இரண்டு பித்தளைத் துண்டுகளை அறுத்துக் கைப்பிடி செய்தேன். லாரி பாட்டரி ஒன்றை, ரப்பர் பதப்படுத்தும் ஸ்டோரின் எஞ்சின் ஓடும்போது அதில் மாட்டிச் சார்ஜ் ஏற்றித் தர எஞ்சின்காரர் ஒப்புக்கொண்டார். பதிலுக்கு அவருடைய முழங்கால் வலிக்கு முதல் வைத்தியம். சீசாவை நிறுத்த ஒரு தகரக் குவளை. குவளையிலிருந்து ஒரு கம்பி. அந்தக் கம்பி எதற்கு என்று கேட்டால் இன்று என்னால் பதில் சொல்ல முடியாது. அன்று படம் போட்டு விளக்கியிருப்பேன்.

வேலை செய்யும் விதம் இதுதான். நோயாளி இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொள்வார். நான் ஒவ்வொரு சீசாவாகக் குவளையில் நிறுத்துவேன். எந்தச் சீசாவுக்கு ஊசி அதிகமாக ஏறுகிறதோ அதுதான் அவருக்கான மருந்து. கேள்வி கிடையாது, கனவு கிடையாது, திருடன் கிடையாது.

ரேடியோ வைத்திருந்தால் தலை போகும் காலம். கம்பியும் பாட்டரியும் ஊசியும் உள்ள பெட்டியைப் பார்த்தால் ஜப்பான்காரன் என்ன நினைப்பான்? அதனால் அதைப் பாழடைந்த புகைக்கொட்டகையில் வைத்தேன். ரப்பர்ப் பால் காய்ந்த நாற்றத்துக்கு அவன் அந்தப் பக்கமே வரமாட்டான். மாலையில் வேலை முடிந்ததும் ஜனங்கள் அங்கே வருவார்கள். வந்தார்கள்! முதலில் வேடிக்கை பார்க்க, பிறகு வைத்தியத்துக்கு, பிறகு இரண்டுக்குமாக. லாபுவிலிருந்துகூட ஒரு பெரியவரை மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள்.

"ஏலே, அந்தக் குழாய மெதுவாப் புடிடா. ஒன்ன இழுத்து உள்ள போட்டுக்கப் போவுது."

"போட்டுக்கட்டுமே. உள்ள சோறு கெடைக்குமா?"

"சோறு கெடைச்சா மொதல்ல கிராணியாருல்ல உள்ள போயிருப்பாரு!"

அக்கா வந்து பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "நல்லா இருக்குலா. கேள்வி கேட்டா பொய் சொல்லிருவோம்னு ஊசிய வச்சிட்டீங்க."

அவர் சொன்னது விளையாட்டு. எனக்கோ அதுதான் உலகத்தின் மிகப் பெரிய உண்மையாகப் பட்டது. வாய் பொய் சொல்லும், ஊசி சொல்லாது. தோட்டத்தில் கிழங்கைத் தவிர எதுவும் இல்லாத காலத்தில், ஓர் எந்திரத்தைச் செய்து, அதன் முன்னால் ஜனங்களை வரிசையில் நிற்க வைத்திருந்தேன். காலையில் கண் விழிக்கும்போதே ஊசி கண்ணில் ஆடும். அலுவலக மேசையில் இருக்கும்போது எப்போது மணி அடிக்கும், எப்போது கொட்டகைக்கு ஓடலாம் என்றிருக்கும். என் மனைவி சொல்வாள், "ராத்திரி தூக்கத்துல சீசாவ மாத்தி மாத்தி வைக்கிறீங்க. என் கையில காதுல எல்லாம் வச்சுப் பாக்குறீங்க."

டிரெசரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். எல்லா மருந்தும் தீர்ந்தாலும் ஒரு புட்டியை மட்டும் அவர் மறைத்து வைத்திருந்தார். கொயினா மாத்திரை. மலேரியாக் காய்ச்சலில் உயிரைப் பிடித்து நிறுத்தக்கூடியது அந்தத் தோட்டத்திலேயே அது ஒன்றுதான் என்று எல்லாருக்கும் தெரியும். புட்டி குறையக் குறைய, யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்று சொல்வது என்பது அவருடைய தலையில் விழுந்தது. ஒருவருக்குக் கொடுத்தார், பிழைத்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை என்றார், அவர் போய்ச் சேர்ந்தார். அந்த வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் மண்ணை வாரி இறைத்தார்கள்.

அதற்கு மறுநாள் அவர் கொட்டகைக்கு வந்து, ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, ஊசி ஆடுவதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒன் பெட்டியில சைனான்னு ஒரு சீசா இருக்குல்ல?"

"இருக்குங்கய்யா. கொயினா மரத்துப் பட்டையில செஞ்சது. ஹோமியோபதியில முதல் மருந்தே அதுதான்."

"அப்ப, அந்தச் சீசாவுக்கு எவனுக்கு ஊசி ஏறுதோ, அவனுக்கு நெசக் கொயினா குடுத்துடறேன். ஏறாதவனுக்கு ஒன் சக்கரைய நீயே குடு. நான் வேணாம்னு சொன்னா அது நான் சொன்னது. ஊசி சொன்னா ஊசி சொன்னது."

அவர் மேல் இரக்கப்பட வேண்டிய இடம் அது. எனக்கோ பெருமையாக இருந்தது. ஆஸ்பத்திரியே என் பெட்டியிடம் கேட்டுத்தான் மருந்து கொடுக்கப்போகிறது! அன்று மாலை பித்தளைக் கைப்பிடிகளைச் சாம்பல் போட்டுத் தங்கமாக விளக்கினேன்.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது மழை பிடித்துக்கொண்ட நாட்களில். அப்போது அவருக்கு வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. லாரி கிளம்பும்போது புருஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "புள்ளையப் பத்திரமாப் பாத்துக்க" என்று கத்தியது லயத்தில் எல்லார் காதிலும் விழுந்திருந்தது. சயாமுக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைதான் அவருக்கு மிச்சம். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

குளிர் அடித்துப் பல் கிட்டியபடி, காலையில் வேலை செய்த கோலத்தோடேயே வந்தார். அந்தத் தோட்டத்தில் அப்போதும் சில மர வரிசைகளில், அதாவது நிரைகளில், மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டோரில் ரப்பரைக் காய்ச்சி லாரிக்கு எண்ணெய் எடுக்க ஜப்பான்காரனுக்குப் பால் வேண்டியிருந்தது. மரம் வெட்டாதவர் வீட்டுக்கு, அவன் அளக்கும் பிடி அரிசியும் கிடையாது.

அக்கா கைப்பிடிகளைப் பிடித்தார். நான் சைனாவை வைத்தேன். ஊசி அசையவில்லை. ஆர்சனிகம், பெல்லடோனா. அசையவில்லை. உப்பு மருந்தை வைத்தபோது ஒரு மயிரிழை நடுங்கியது போல இருந்தது.

"என்ன கிராணியாரே, ஒங்க பொட்டிக்கு என் கையப் புடிக்கலயா?"

டிரெசர் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு முறை சைனாவை வைத்தேன். ஒன்றுமில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கொயினா கொடுக்கலாமா என்று அவருக்கு முன்பே ஒரு தயக்கம் இருந்தது. ஊசி அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவைத்தது. "வேணாம்னுதான் சொல்லுது" என்றார். நான் உப்பு மருந்து உருண்டைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.

"கடைசியில எனக்கு உப்புத்தானா?" என்று சிரித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போனார்.

அவருக்குக் காய்ச்சல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தபோதே என் மனைவியும் படுத்தாள். அவளைக் கைத்தாங்கலாகக் கொட்டகைக்குக் கூட்டி வந்தேன். கிழங்கு கழுவிக் கழுவி ஊறிய கை, காய்ச்சலில் வியர்த்த கை. சைனாவைக் குவளையில் நிறுத்தும்போது, "இறுக்கிப் பிடிம்மா" என்றேன். ஆசையாகத்தான் சொன்னேன். இறுக்கிப் பிடித்தால் ஊசி கூடுதலாக ஏறும் என்பது எனக்கு அப்போதே அரைகுறையாகத் தெரியும். மற்றச் சீசாக்களுக்கு நான் அப்படிச் சொல்லவில்லை.

ஊசி பாய்ந்து ஏறியது. டிரெசர் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் புட்டியைத் தலைகீழாகத் தட்டினார். மிச்சமிருந்ததெல்லாம் ஒரு சின்னப் பொட்டலம். முதல் வேளையை அவளை அங்கேயே விழுங்க வைத்து, மீதியை என் கையில் கொடுத்தார்.

"இதோட சரி தம்பி. இனிமே கேட்டாலும் இல்ல."

அன்று அக்காவின் நிரையை நான் வெட்டப் போனேன். அவர் பெயரில் பால் போகாவிட்டால் அரிசி நின்றுவிடும். கிராணி மரம் வெட்டுவதைப் பார்க்க அந்த நிரைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"பட்டையக் காயப்படுத்தாதீங்க கிராணியாரே, மரம் அழுவுது பாருங்க!"

"அழுவறது மரம் இல்லடி, அவரு."

கையெல்லாம் பால். பால் வடியும் மங்குக் கிண்ணத்தை விரலால் வழித்து வாளியில் ஊற்றும்போது உள்ளங்கையில் படிந்து காய்ந்தது. மற்றவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டதைப் பார்த்து நானும் உரிக்காமல் விட்டேன். மாலை மங்கும் நேரத்தில் கொட்டகைக்குப் போனேன். அன்று பாட்டரியைச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நானே கைப்பிடிகளைப் பிடித்தேன்.

ஊசி செத்துக் கிடந்தது.

கம்பியைப் பார்த்தேன். முடிச்சுகளை அவிழ்த்துச் சுரண்டிக் கட்டினேன். பாட்டரி முனைகளை ஒன்றோடொன்று உரசினால் பொறி பறந்தது. பிறகு என் கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் மெல்லிய மஞ்சள் தோல் போல ரப்பர். அதன் ஓரத்தை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் உரித்தேன். மறுபடியும் பிடித்தேன். ஊசி துள்ளிக்கொண்டு கோடி வரைக்கும் போனது!

நான் குதித்தேன். அதை மறைக்கப்போவதில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றிக் குதித்தேன். ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். ரப்பர்த் தோட்டத்தில் இருந்துகொண்டே அது தோன்றாமல் போனது எப்படி என்ற வெட்கம் கொஞ்சம். கண்டுபிடித்துவிட்டேன் என்ற வெறி மீதியெல்லாம். உரித்த ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பாயில் படுத்திருந்த மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பால் வெட்டுகிறவர்களுக்கு ஏன் ஊசி ஏறுவதில்லை, கிழங்குக் காட்டு ஆட்களுக்கு ஏன் எப்போதும் ஏறுகிறது, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல, "அப்ப எதிர்த்த லயத்து அக்காவுக்கு?" என்றாள்.

அதுவரை எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தில்தான் தோன்றியது. பொட்டலம் அவள் தலைமாட்டில் செம்புக்குப் பக்கத்தில் இருந்தது. நான் போய்ச் சொன்னால் டிரெசர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். முழுவதையும் எடுக்காவிட்டாலும் பாதியாவது அக்காவுக்குப் போகும். பாதி மருந்து காய்ச்சலை நிறுத்துமா என்று எனக்குத் தெரியாது. என் மனைவியின் நெற்றியில் கையை வைத்தால் சுட்டது.

"ஒரு தடவ பாத்தத நம்பிடக் கூடாது" என்றேன். "நாளைக்கு நாலு பேர வச்சு மறுபடியும் சோதிக்கணும். உறுதியாத் தெரிஞ்சப்புறம் டிரெசர்கிட்ட சொல்றேன்."

விஞ்ஞானம் அப்படித்தான் சொல்கிறது. நான் சொன்னதில் எழுத்துக்கு எழுத்து தப்பில்லை.  அவள் கையை நீட்டினாள். நான் மாத்திரையை எடுத்துக் கொடுத்துத் தண்ணீர்ச் செம்பைப் பிடித்தேன். கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள்.

மறுநாள் நான் சோதித்தேன். அதுவும் எப்படி! பால் படிந்த கை, உரித்த கை, ஒரு கையில் மட்டும் பால், கழுவிய கை, துடைத்த கை. எஞ்சின்காரர் நாள் முழுக்கத் தன் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "என் கையத் தேய்ச்சே புதுசாக்கிட்டீங்க" என்று சிரித்தார். ஒவ்வொரு முறையும் ஊசி நான் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் எனக்கு அதே துள்ளல். இடையில் வீட்டுக்கு ஓடிப்போய் வேளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டும் ஒரே நாளில் என்னால் முடிந்தது.

பொட்டலம் காலியான பிறகுதான் டிரெசரிடம் போனேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "இது எப்பத் தெரிஞ்சிச்சு?" என்றார்.

"இன்னிக்கு சோதிச்சுப் பாத்ததுல தெரிஞ்சிச்சுங்கய்யா."

இதுவும் எழுத்துக்கு எழுத்து பொய்யில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். டயருக்குப் பதிலாகக் கெட்டி ரப்பரைச் சுற்றிய சைக்கிளில், மழையில், சி ரூசாவில் தனக்குத் தெரிந்த இன்னொரு டிரெசரைத் தேடிப் போனார். மறுநாள் நண்பகலில் திரும்பி வந்தார். கைக்குட்டையில் முடிந்து கொஞ்சம் கொயினா கொண்டுவந்தார். அக்கா பிழைத்தார். ஆனால் அன்று விடியற்காலையிலேயே வயிற்றில் இருந்தது போய்விட்டிருந்தது. ஆண் பிள்ளை என்று மருத்துவச்சி சொன்னாள்.

அந்தக் காய்ச்சலில் எப்படியும் அது நடந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் நான் கேட்ட மருத்துவர்கள் சொன்னார்கள். ஒரு நாள் முன்னதாகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும்.

இனிமேல் சொல்வது எனக்கு இன்னும் வெட்கமானது. பெட்டியை நான் உடைக்கவில்லை. கொட்டகை வாசலில் ஒரு தொட்டி வைத்தேன். கையில் உள்ள பாலை உரித்துக் கழுவிவிட்டுத்தான் கைப்பிடியைத் தொட வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஜனங்களுக்கு நம்பிக்கை கூடியது. "கிராணியாரு தப்பக் கண்டுபுடிச்சிட்டாரு, இப்ப மெசினு சரியாயிருச்சு." முன்பைவிடக் கூட்டம் வந்தது. ஊசி படித்தது வியர்வையைத்தான், மருந்தை அது ஒரு நாளும் பார்த்ததேயில்லை என்று நான் ஒப்புக்கொள்ள வெகு காலம் ஆனது. ஒப்புக்கொள்ளாத அத்தனை நாளும் உற்சாகமாகவே இருந்தேன்.

அக்காவும் ஒரு நாள் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். உடம்பு ஒட்டிப்போயிருந்தது. கைப்பிடியைப் பிடித்தார். எல்லாச் சீசாவுக்கும் ஊசி ஏறியது.

"இப்ப எல்லா மருந்தும் வேணுங்குது பாருங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்தார்.

ஜப்பான்காரன் போன பிறகு அவருடைய அண்ணன் லாபுவிலிருந்து வந்து அவரைத் தன்னோடு கூட்டிப் போனார். புருஷனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. சாமான்களை லாரியில் ஏற்ற நான் உதவினேன். அண்ணன் முன்னால் ஏறிக்கொண்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தோம். இனிமேல் இவரைப் பார்க்கப்போவதில்லை என்ற எண்ணம் வந்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது.

"அக்கா, அந்த ரப்பர் விஷயம் எனக்கு மொத நாளே தெரியும். மாத்திரை பாதி அப்ப இருந்துச்சு. நான் சொல்லல."

அவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "தூக்குங்க, கை வலிக்குது" என்றார். தூக்கி வைத்தோம். அதன் பிறகுதான் திரும்பினார்.

"எனக்குத் தெரியும் சின்னக் கிராணி. ஒங்க வீட்டுக்காரி அப்பவே வந்து சொல்லிருச்சு. புள்ள போனப்புறம் எனக்கு வெந்நி ஊத்த வந்துச்சுல்ல, அப்ப. என் கால்ல தலைய வச்சுக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுருச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? ஒன் எடத்துல நான் இருந்தா நானுந்தான் முழுங்கியிருப்பேன்னு சொன்னேன். அது நெசம். ஒங்களுக்கு நான் ஒன்னும் சொல்லல. நீங்க வரவே இல்லையே."

லாரி கிளம்பியது. அவர் கையை அசைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. சாமான்களின் மேல் உட்கார்ந்து முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

நான் வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அடுப்படியில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். இவ்வளவு காலம் இரண்டு பெண்களும் ஒன்றாகத் தண்ணீர் எடுத்தார்கள், ஒன்றாகச் சிரித்தார்கள், ஒருவர் வீட்டுக் கறியை மற்றவர் வீட்டில் ருசி பார்த்தார்கள். என் முன்னால் இதைப் பற்றி ஒரு சொல் விடவில்லை.

"அக்காகிட்ட நீ அப்பவே சொல்லிட்டியா?" என்றேன்.

"சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கத்தியை நிறுத்தினாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீங்கதான் அந்தப் பொட்டிய வச்சுக்கிட்டு அவ்வளவு சந்தோசமா இருந்தீங்களேங்க."